நரம்பின் வாயிலும் நம் தீர்ப்பும்

குற்றம் சாட்டுவது எளிது. காரணம் அறிவது அரிது. பிறர் நடத்தையில் நமக்கு விளங்காத ஒன்றைக் காணும்போது, அறிவு காரணத்தைத் தேடிப் புறப்படுமுன் நாவு தீர்ப்பைச் சொல்லி முடித்துவிடுகிறது. அத்தீர்ப்பு பிழையானால் அதன் துன்பத்தைத் தீர்ப்புச் சொன்னவர் அனுபவிப்பதில்லை. யார்மீது சொல்லப்பட்டதோ அவரே அனுபவிக்கிறார்.

பெரம்பூரைப் போன்றதோர் ஊரில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. ரயில்வே தொழிற்கூடங்களை நம்பியும், இன்று மூடப்பட்டுவிட்ட பின்னி ஆலையை ஒரு காலத்தில் நம்பியும் வளர்ந்த ஊர் இது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டின் இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஜமாலியாவை அடுத்த சந்து ஒன்றில் ஒருவர் கால் தள்ளாடி நடந்தால், 'குடித்திருக்கிறான்' என்று திண்ணை தீர்ப்பளிக்கும். வேலைக்குச் சென்ற இளைஞன் பட்டப்பகலில் தூங்கி விழுந்தால், 'சோம்பேறி. பெற்றவர் வளர்ப்புச் சரியில்லை' என்பார்கள். கன்னிப்பெண் ஒருத்தி திடீரெனக் கீழே விழுந்து, கைகால் வெட்டி இழுத்து, வாயோரம் நுரை தள்ளினால், 'ஜின் பிடித்திருக்கிறது' என்ற பேச்சு மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் தெரு முழுவதும் பரவிவிடும். முதல் தீர்ப்பு பாவத்தைச் சுமத்துகிறது; இரண்டாவது குணக்கேட்டைச் சுமத்துகிறது; மூன்றாவது, அப்பெண்ணை மனிதர் வரிசையிலிருந்தே சற்று விலக்கி வைக்கிறது.

இம்மூவரும் குற்றமற்றவராய் இருக்கக்கூடும். அவர்களின் நரம்பில் கண்ணுக்குப் புலனாகாத ஒரு வாயில் பழுதுபட்டிருக்கலாம்; அல்லது ஒரு நுண்செய்தி எழுதப்படாமற் போயிருக்கலாம். கடந்த முக்கால் நூற்றாண்டில் அறிவியல் இதனைத் தெளிவாகக் காட்டியுள்ளது. அங்ஙனமாயின் இரண்டு வினாக்கள் எழுகின்றன. நரம்பைப் பற்றிய இவ்வறிவு பிறரைப் பழிக்கும் நம் உரிமையை எவ்வளவு குறைக்கிறது? குறைத்துக்கொண்டே போனால், இறுதியில் எவரும் எதற்கும் பொறுப்பில்லை என்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுமா?

விடை காணுமுன், இவ்வறிவை வளர்த்தோருள் ஒருவரின் வாழ்க்கையை நோக்குவோம். உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்தில் 1932 ஜனவரி 7-ஆம் நாள் பிறந்தவர் உபைத் சித்தீகி. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மரபியல் மேதை பொண்டெகார்வோவிடம் ஆய்வுப் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் ஆலன் கேரனுடன் சேர்ந்து நுண்ணுயிர்களின் மரபணுக்களை ஆராய்ந்தார். அவருடைய திறமையை அறிந்த லியோ சிலார்டு என்ற அறிஞர் ஹோமி பாபாவுக்குப் பரிந்துரைத்தார். பாபாவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பிய சித்தீகி, 1962-இல், தம் முப்பதாம் வயதில், பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூற்று உயிரியல் பிரிவைத் தொடங்கினார். பின்னர் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை உருவாக்கி, 1997 வரை அதன் இயக்குநராய் விளங்கினார். 1984-இல் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். அவ்வாண்டே பத்ம பூஷண் விருதும் 2006-இல் பத்ம விபூஷண் விருதும் பெற்றார்.

இத்துணைப் பெருமைக்குரியவர் தம் வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் எதற்குச் செலவிட்டார்? ஓர் ஈயை ஆராய்வதற்கு. நம் வீட்டுச் சோற்றில் மொய்க்கும் ஈயன்று. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும், எள்ளினும் சிறிய பழ ஈ. 'இறைவனையன்றி நீங்கள் அழைப்பவை யாவும் ஒன்றுகூடினும் ஓர் ஈயைப் படைக்க இயலாது' என்னும் கருத்துடைய உவமை திருமறையின் ஹஜ் அத்தியாயத்தில் வருவதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். அற்பமென நாம் கையால் ஓட்டிவிடும் அப்படைப்பினுள் எத்துணை நுட்பம் அடங்கியிருக்கிறது என்பதைச் சித்தீகியின் ஆய்வுக்கூடம் ஒருவாறு காட்டிற்று.

1971-இல் டேவிட் சுசுகி என்பவரின் குழு ஒரு விந்தையான ஈ வகையைக் கண்டறிந்தது. ஏறத்தாழ 22 பாகை வெப்பத்தில் அது மற்ற ஈக்களைப் போலவே நடக்கும், பறக்கும், இரை தேடும். வெப்பத்தை 29 பாகைக்கு உயர்த்தினால் சில நொடிகளில் செயலிழந்து விழுந்துவிடும். மீண்டும் குளிர்வித்தால் எழுந்துவிடும். இவ்வகைக்கு 'முடங்குவது' என்னும் பொருள்பட 'பாரா' என்று பெயரிட்டனர். சித்தீகி கலிபோர்னியாவில் சீமூர் பென்சர் என்னும் அறிஞருடன் சேர்ந்து, இத்தகைய ஈக்களில் வெப்பம் கூடும்போது நரம்புக்கும் தசைக்கும் இடையிலான செய்தி எங்கே முறிகிறது என்று மின்கருவிகளைக் கொண்டு ஆராய்ந்தார். அம்முடிவுகள் 1976-இல் வெளியாயின. நாடு திரும்பிய பின்னர், வெரோனிகா ரோட்ரிக்ஸ் முதலான மாணவர்களுடன் ஈயின் சுவையையும் மணவுணர்வையும் ஆராய்வதில் பல்லாண்டுகள் ஈடுபட்டார்.

அந்த ஈயினுள் பழுதுபட்டிருந்தது யாது? இதனை உணர நரம்பின் அமைப்பைச் சிறிது அறிய வேண்டும். நரம்பணு ஒவ்வொன்றையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அச்சவ்வின் வெளிப்புறம் சோடியம் மிகுதி; உட்புறம் பொட்டாசியம் மிகுதி. சோடியம் என்பது நாம் உண்ணும் உப்பின் ஒரு பாதி. மின்னேற்றம் பெற்ற இத்துகள்களை அயனிகள் என்பர். சவ்வின் இடையிடையே புரதத்தாலான நுண்வாயில்கள் உள்ளன. பாடநூல்கள் அவற்றை அயனிக் கால்வாய்கள் எனக் குறிக்கும். ஒரு செய்தி வரும்போது சோடியம் வாயில் ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும். அதற்குள் ஆயிரக்கணக்கான அயனிகள் உட்புகும். நரம்பின் மின்னழுத்தம் மாறும். அம்மாற்றம் அடுத்த வாயிலைத் திறக்கும். இவ்வாறு வாயில்தோறும் கைமாறிச் செல்வதே நரம்பின் செய்தி. கணவாய் மீனின் பருத்த நரம்பைக் கொண்டு ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் இதன் கணக்கை 1952-இல் நிறுவினர். 1976-இல் நேயரும் சாக்மனும் தனியொரு வாயிலின் வழியே ஓடும் மின்னோட்டத்தையே அளந்து காட்டினர். முன்னவர்க்கு 1963-இலும் பின்னவர்க்கு 1991-இலும் நோபல் பரிசு கிடைத்தது.

'பாரா' ஈயில் பழுதுபட்டிருந்தது சோடியம் வாயிலைச் செய்யும் மரபணுவே என்பது 1989-இல் உறுதியாயிற்று. வெப்பத்தில் அவ்வாயில் செயலிழந்தது, செய்தி நின்றது, ஈ விழுந்தது. அதற்குப் பறக்க விருப்பமில்லாமல் போய்விடவில்லை. பறக்கும் வழி அடைபட்டது. இந்த வேறுபாடே இக்கட்டுரையின் மையம்.

வாயில்களேயன்றி நரம்புக்கு இன்னொரு மொழியும் உண்டு. சில அமினோ அமிலங்களைச் சரமாகக் கோத்த சிறு மூலக்கூறுகளை நரம்பணுக்கள் வெளியிடுகின்றன. இவற்றுக்கு நரம்புப் பெப்டைடுகள் என்று பெயர். வாயில் திறப்பது தந்தி என்றால், பெப்டைடு ஓர் அஞ்சல் எனலாம். மெதுவாய்ச் செல்லும், நெடுநேரம் நிலைக்கும். பசி, தூக்கம், வலி, அச்சம் முதலிய நிலைகளை இவை ஆள்கின்றன. சித்தீகியின் வழியில் வந்த கைத்தி ஹசன், அதே பெங்களூர் மையத்தில், நரம்பணுவின் உள்ளறைகளில் கால்சியத்தைத் திறந்துவிடும் ஒரு வாயிலை ஈக்களில் நெடுங்காலம் ஆராய்ந்தார். அவ்வாயில் பழுதான ஈக்கள் பறக்கத் தவறுவதையும், பெப்டைடுகளை வெளியிடும் நரம்பணுக்களுக்கும் அதற்கும் உள்ள தொடர்பையும் அவருடைய குழுவினர் வெளிக்கொணர்ந்தனர்.

ஈயினின்று மனிதனுக்கு வருவோம். மேற்கூறிய கால்சிய வாயிலின் மரபணு மனிதரிடத்தும் உண்டு. அது சிதைந்த குடும்பங்களில் சிறுமூளை மெல்லத் தேய்கிறது, நடை தடுமாறுகிறது, பேச்சும் குழறுகிறது. 2007-இல் இது நிறுவப்பட்டது. இந்நோயாளர் ஒரு துளி மதுவும் அருந்தாதவராய் இருப்பினும், காண்போர் கண்ணுக்குக் குடிகாரராகவே தோன்றுவர். தொழுகைக்குச் செல்லும் ஒருவரைப் பார்த்துத் தெரு மூக்கைப் பொத்திக்கொள்வது எத்துணைக் கொடுமை என்பதை எண்ணிப் பாருங்கள்.

பகலில் தூங்கி விழும் இளைஞனின் நிலையும் அத்தகையதாய் இருக்கலாம். 1998-இல் இரு குழுவினர் தனித்தனியே ஒரு நரம்புப் பெப்டைடைக் கண்டறிந்து, அதற்கு ஒரெக்சின் என்றும் ஹைப்போகிரெட்டின் என்றும் பெயரிட்டனர். விழிப்பை நிலைநிறுத்துவது அதன் பணி. மூளையின் அடிப்பகுதியில் அதனைச் சுரக்கும் சில பத்தாயிரம் அணுக்கள் மட்டுமே உள்ளன. நார்கோலெப்சி என்னும் நோயில் அவற்றின் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது என்பது 2000-இல் தெரிய வந்தது. அந்நோயாளி எவ்வளவு முயன்றாலும் தூக்கம் அவரை வீழ்த்தும். உரக்கச் சிரித்தால்கூட உடல் தளர்ந்து விழுவார். அவரை அடித்து எழுப்புவதும், 'உருப்படாதவன்' என்று ஏசுவதும், 29 பாகை வெப்பத்தில் விழுந்த ஈயைக் கோலால் குத்துவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, வலிப்பு. மனிதமூளையின் சோடியம் வாயில்களுள் ஒன்றின் மரபணு பழுதுபட்டால், குழந்தைக்குக் காய்ச்சலின் சூட்டோடு வலிப்பு வரும் கடிய நோய் உண்டாகிறது என 2001-இல் கண்டனர். ஈயை வீழ்த்திய வெப்பம் நினைவுக்கு வருகிறதல்லவா? வலிப்புக்குக் காரணங்கள் பல. தலையடி, மூளைக்காய்ச்சல், பன்றி நாடாப்புழுவின் கட்டி என அவை விரியும். ஆயினும் எல்லா வலிப்பிலும் நிகழ்வது ஒன்றே: நரம்பணுக்கள் கட்டுமீறி ஒருசேர மின்செய்தி பொழிகின்றன. 1938 முதல் வழங்கிவரும் பெனிடாயின் மருந்து சோடியம் வாயில்களைத் தணித்தே வலிப்பை அடக்குகிறது. உலகில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கின்றனர். உரிய மருந்தை ஒழுங்காய் உட்கொண்டால் பத்தில் ஏழு பேர் வலிப்பின்றி வாழலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. வலிப்பை மூளையின் நோய்களுள் ஒன்றாக வைத்து மருத்துவம் கூறிய இப்னு சீனா 1037-லேயே மறைந்தார். ஆயிரம் ஆண்டுகளாக நம் கையில் இருக்கும் செய்தியை நம் தெரு இன்னும் அறியாதிருப்பது வியப்பேயாம்.

பழியைக் குறைக்கும் இவ்வறிவு புகழையும் அளந்து தருகிறது. வட பாகிஸ்தானில் ஒரு சிறுவன் தெருவில் கூட்டம் கூட்டி, தன் கையில் கத்தியைச் செருகியும் நெருப்பின்மேல் நடந்தும் வேடிக்கை காட்டி வந்தான். அவனுக்கு வலியே தெரியாது. பதினான்கு வயது நிறையுமுன் வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய சுற்றத்தாரை ஆராய்ந்ததில், வலியுணர்த்தும் நரம்புகளிலுள்ள சோடியம் வாயில் ஒன்று அக்குடும்பங்களில் சிலருக்கு இயங்கவில்லை என்பது 2006-இல் வெளிப்பட்டது. அவனைப் பொறுமையின் வடிவம் என்று போற்ற முடியுமா? வலியை உணர்ந்து தாங்குவதன்றோ ஸப்ரு! உணராதவனுக்குத் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. எனவே, புகழும் பழியும் ஒரே நிபந்தனைக்கு உட்பட்டவை: செய்தவன் வேறுவிதமாகவும் செய்திருக்கக்கூடியவனாய் இருத்தல் வேண்டும்.

இந்நிபந்தனை நமக்குப் புதியதன்று. தூங்குவோர் விழிக்கும்வரை, சிறுவர் பருவமெய்தும்வரை, அறிவு பிறழ்ந்தோர் தெளிவடையும்வரை அவர்கள் செயல்களுக்குக் கணக்கெழுதப்படுவதில்லை என்பது மார்க்கச் சட்ட அறிஞர் யாவரும் ஏற்ற விதி. அக்ல் என்னும் பகுத்தறிவு இல்லாதவிடத்துக் கடமையும் இல்லை, குற்றமும் இல்லை. நாட்டின் சட்டமும் இவ்வாறே கூறுகிறது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84-ஆம் பிரிவாய் இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆம் பிரிவாய்த் தொடர்கிறது. அறிவியல் புதிதாய்ச் செய்தது யாதெனில், அந்தப் பழைய விதிக்குள் அடங்க வேண்டியோர் நாம் எண்ணியதினும் பலர் என்று காட்டியதே.

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் ஒரு செய்தி உண்டு. வலிப்பு நோயுடைய ஒரு கறுப்பினப் பெண்மணி பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து, வலிப்பு வரும்போது தம் ஆடை விலகிவிடுவதாகக் கூறி, இறைவனிடம் வேண்டும்படி கேட்டார். பொறுத்துக்கொண்டால் சுவனம் உண்டு. விரும்பினால் நலம் வேண்டி இறைஞ்சுவேன் என்று பெருமானார் இருவழியையும் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்து, ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ செய்யும்படி வேண்டினார், அவ்வாறே செய்யப்பட்டது. இங்கே பழிச்சொல் ஒன்றேனும் உண்டா? அப்பெண்மணி தாமே முடிவு செய்யத் தக்க அறிவுடையவராய் நடத்தப்பட்டார். அவருடைய மானம் காக்கப்பட்டது. ஜின் என்னும் படைப்பு உண்டென்பது நம் நம்பிக்கை. ஆயினும் ஒவ்வொரு வலிப்பையும் அதன் கணக்கில் எழுதுமாறு மார்க்கம் நம்மைப் பணிக்கவில்லை. 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளர்க்கெனத் தனிப்பகுதியே இருந்தது.

அம்மரபுக்கு உரிய நாம் எங்கே வந்து நின்றோம்? 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளர் விடுதியின் ஓலைக்கொட்டகை தீப்பற்றிற்று. உள்ளிருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். எழுந்து ஓட வேண்டும் என்ற செய்தியை அவர்களின் நரம்புகள் கால்களுக்கு அனுப்பியே இருக்கும்; அங்கே அடைபட்டிருந்தது நரம்பின் வாயிலன்று, மனிதர் பூட்டிய பூட்டு. அவர்களைப் பிணைத்த சங்கிலி இரும்பால் ஆனதெனினும், அதனை வார்த்தது அறியாமையும் வெட்கமுமே. வீட்டில் வைத்திருக்க வெட்கம். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வெட்கம். ஆகவே தொலைவில் விட்டுவந்தோம். பின்னர் நீதிமன்றம் தலையிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று தடுத்தது. துஆவோடு மருந்தையும் சேர்த்தளிக்கும் திட்டம் ஏர்வாடியிலேயே ஏற்பட்டது. அது நல்ல வழி. துஆவை விடச் சொல்வாரில்லை. மருந்தையும் விடாதிருக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

இனி, இரண்டாம் வினாவுக்கு வருவோம். 'எல்லாம் வாயில்களின் வேலை என்றால், திருடனும் அதையே சொல்லித் தப்புவானே? என் நரம்பு திருடிற்று, நான் அல்லேன் என்பானே?' என்று கேட்கலாம். வலிய தடையே இது, ஆயினும் விடையுண்டு.

ரயிலோடு வாழும் பெரம்பூர்வாசிகளுக்கு அந்த உவமையே எளிதில் விளங்கும். சிக்னல் பழுதுபட்டு வண்டி நின்றுவிட்டால் ஓட்டுநரைக் குறைகூறுவோர் இல்லை. சிக்னல் செம்மையாய் இயங்க, சிவப்பு விளக்கைக் கண்டும் வண்டியைச் செலுத்தியவர், 'கம்பியும் மின்சாரமும் இயந்திரமும்தானே வண்டியை நடத்தின' என்று வாதிட்டால் எந்த விசாரணை அதிகாரியும் ஏற்கமாட்டார். இயந்திரம் இருப்பது சாக்காகாது. இயந்திரம் பழுதுபட்டிருப்பதே சாக்காகும். திருடனுக்கும் நரம்பு வாயில் உண்டு; நேர்மையாளனுக்கும் உண்டு. காவலரைக் கண்டால் திருடன் கையை மடக்கிக்கொள்கிறான். ஆளில்லா நேரம் பார்த்து வருகிறான். அவனுடைய செயல் காரணத்துக்கும் அறிவுரைக்கும் அச்சத்துக்கும் கட்டுப்படுகிறது என்பதற்கு இதுவே சான்று. 29 பாகையில் விழும் ஈயோ, காவலர் நின்றாலும் விழும். தொழுகைப் பாய் விரித்தாலும் விழும். வலிப்பு வந்தவரும் அங்ஙனமே. அறிவுரை எட்டும் இடம் பொறுப்பின் இடம். அது எட்டாத இடம் இரக்கத்தின் இடம்.

இவ்விரண்டுக்கும் நடுவே எல்லை மங்கலான நிலமும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. மது மூளையின் வாயில்கள் சிலவற்றை அளவுமீறித் திறந்தும் சிலவற்றை அடைத்தும் மனிதனைத் தள்ளாட வைக்கிறது. குடித்தவனும் நரம்பின் வாயில் குலைந்தே தள்ளாடுகிறான். சிறுமூளை தேய்ந்தவரும் அவ்வாறே. கால்கள் ஒன்றுபோல் தடுமாறினும் கணக்கு வேறு. முன்னவன், வாயில்கள் செம்மையாய் இருந்தபோது முதற் கிண்ணத்தைத் தானே எடுத்தான். பின்னவர் எதையும் எடுத்தவரல்லர். முதற் கிண்ணத்துக்குப் பின் பழக்கம் நோயாய் முற்றியவனிடத்தில் பழியும் இரக்கமும் கலந்தே நிற்கும். அவனைக் கண்டிப்பதோடு சிகிச்சைக்கும் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. எல்லாச் சோம்பலும் நோயன்று. எல்லா நோயும் சோம்பலன்று. ஆகவே நாம் மாற்றிக்கொள்ள வேண்டியது வரிசை முறையே. தீர்ப்பு முதலில், விசாரணை பின்னர் என்பது இப்போதைய வழக்கம். விசாரணை முதலிலும் தீர்ப்பு கடைசியிலும் வருதல் வேண்டும். பலவேளை, விசாரணை முடிந்தபின் தீர்ப்புக்குத் தேவையே இராது.

'அங்ஙனமாயின் ரூஹ் எங்கே?' என்று கேட்கும் அன்பர்களும் உண்டு. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975-இல் டாக்டர் கே. எம். செரியன் இந்நாட்டின் முதல் இதயப் புறவழி அறுவையை வெற்றியுடன் செய்தார். இன்று பல இதய அறுவைகளில் பொட்டாசியம் மிகுந்த நீர்மத்தைச் செலுத்தித் துடிப்பையே நிறுத்திவிட்டு, பணி முடிந்தபின் மீண்டும் துடிக்க வைக்கின்றனர். அதுவும் அயனி வாயில்களை ஆளும் வித்தையே. உயிரின் இருப்பிடம் என்று கவிஞர்கள் பாடிய இதயம் நின்று மீண்டும் இயங்குவதைக் கண்டு எவருடைய ஈமானும் குலையவில்லை. நரம்பின் வாயிலை அறிவதாலும் குலைய வேண்டியதில்லை. ரூஹைப் பற்றி நமக்கு அளிக்கப்பட்ட அறிவு சிறிதே என்று திருமறை உரைக்கிறது. அறிவியல் இன்னும் காணாத இடைவெளிகளில் ரூஹைக் கொண்டுபோய் ஒளித்து வைப்பது அதற்கு மரியாதையாகாது; இடைவெளி அடைபடுந்தோறும் அஞ்ச வேண்டிவரும்.

ஈயை ஆராய்ந்து என்ன பயன் கண்டார்கள் என்ற வினாவும் இத்துடன் தீர்கிறது. இரவில் நாம் ஏற்றும் கொசுவர்த்திச் சுருளிலுள்ள பைரித்ராய்டு, கொசுவின் அதே சோடியம் வாயிலைத் தாக்கியே அதனை வீழ்த்துகிறது. வலி நரம்புகளின் சோடியம் வாயில்களுள் வேறொன்றை அடைக்கும் சுசெட்ரிஜின் என்னும் புதிய வலிமருந்துக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா ஒப்புதல் வழங்கிற்று. இப்பயன்கள் பெரியவையே, எனினும் அவற்றினும் பெரிய பயன் ஒன்றுண்டு. வீழ்ந்தவரைக் கண்டதும் 'ஏன் வீழ்ந்தான்' என்று பழிப்பதைவிட்டு 'எது அவரை வீழ்த்தியது' என்று கேட்க இக்கல்வி நம்மைப் பழக்குகிறது. பயன் தரும் கல்வியை அருளுமாறு நாம் இறைவனிடம் இறைஞ்சுகிறோம். அண்டை வீட்டாரைப் பழிக்காதிருக்கக் கற்பிப்பதினும் பயனுள்ள கல்வி வேறெது?

அறிவு வந்தபின் பழி குறைகிறது. ஆனால் பொறுப்பு மறைந்துவிடுவதில்லை. நோயாளியின் தோளிலிருந்து இறங்கி, அறிந்தவர் தோளில் ஏறிக்கொள்கிறது. வலிப்பு ஒரு மூளைநோய் என்று அறியாதிருந்த பாட்டனார், பேத்திக்குத் தாயத்துக் கட்டியதோடு நின்றிருந்தால் அவரைக் குறைகூற மாட்டோம். இன்று அறிந்த தந்தை, மகளுக்கு மாத்திரை வாங்காது நோயை மறைத்து நிக்காஹ் முடித்துவைத்தால், அதற்கு அவர் கணக்குக் கூறியாக வேண்டும். 1999-இல் இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் வலிப்பு என்னும் தடைச்சொல் நீக்கப்பட்டது. சட்டப் புத்தகம் அழித்த அச்சொல்லைப் பெண் பார்க்கப் போகும் நாம் இன்னும் நாவில் வைத்திருக்கலாமா? வலிப்பை மறைப்பதும் தவறு. அதனைக் கேட்டவுடன் சம்பந்தத்தை முறிப்பதும் தவறு. மறைக்கத் தேவையில்லாத ஒரு சமூகத்தை ஆக்குவது ஜமாஅத்தின் கடமை. ரமழானில் மாத்திரையை விட்டால் வலிப்பு திரும்பக்கூடும். நோயாளிக்குத் திருமறையே சலுகை வழங்கியிருக்கிறது என்பதையும் மருத்துவரைக் கேட்டு நடக்க வேண்டும் என்பதையும் ஷஃபான் மாதத்து ஜும்ஆவில் ஹஜரத்மார்கள் ஒருமுறை எடுத்துரைத்தால், எத்தனையோ வீடுகள் காக்கப்படும். வடசென்னை மக்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை எட்டாத தூரத்தில் இல்லை. கீழ்ப்பாக்கத்து மனநலக் காப்பகமும் பெரம்பூருக்கு அருகிலேயே உள்ளது. தூரம் நிலத்தில் இல்லை, நம் வெட்கத்தில் இருக்கிறது.

உபைத் சித்தீகி, 81-ஆம் வயதிலும் ஆய்வைத் தொடர்ந்துகொண்டிருந்தார். பெங்களூர்ச் சாலை விபத்தொன்றில் காயமுற்று 2013 ஜூலை 26-ஆம் நாள் மறைந்தார். வீழ்ந்த ஈ ஒன்றைக் கண்டபோது அவரும் அவருடைய தோழர்களும் அதனைத் தட்டி எறிந்துவிடவில்லை. எந்த வாயில் அடைபட்டது என்று ஆண்டுக்கணக்கில் தேடினர். ஓர் ஈக்கு அவர்கள் காட்டிய அந்தப் பொறுமையில் ஒரு பங்கையேனும், நம் தெருவில் தள்ளாடி நடக்கும் மனிதருக்குக் காட்ட நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.